வெளிவீதி மண்டபம்

“ஹலோ… ஹலோ மாஸ்ரர்… ஓம், நான்தான், கோபிகா மிஸ். கேக்குதோ? … சரி, சரி. உங்கடை படலையடியிலை யாகோப்பு அண்ணை உழவு மிசினோடை நிக்கிறார். … ஓம், நிக்கிறாரெண்டு எனக்கும் தெரியும். நிண்டு கனநேரமாம். உதயகலாவையும் பிள்ளையையும் ஏத்திவிடாமல் என்ன செய்யிறியள்?”

பிள்ளையார் கோயில் மண்டபத்தின் முன்படியில் நின்று, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் காதில் தொலைபேசியை அழுத்திப் பிடித்திருந்தாள் கோபிகா. வாசலில் கட்டியிருந்த படங்கின்மேல் மழை கொட்டிய சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழுவதும் பாதி நழுவுவதுமாக இருந்தது. அந்த ஊருக்கு அவள்தான் பேறு பார்க்கும் குடும்பநல மாது. புயல் பின்னேரம் கரையைத் தொடும் என்று விடியத்தொடங்கி வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குக் காத்திராமல் கடலேரி ஏற்கனவே பள்ளமான ஒழுங்கைத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. பிள்ளை வயிற்றிலிருக்கும் பெண்களையும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களையும் புயலுக்கு முன்பே இந்த மண்டபத்தில் சேர்த்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுக்காக எல்லா ஒழுங்கையும் சுற்றி முடிந்து, ஒரேயொரு வீடு மிச்சம். அது மண்டபத்தைத் தந்த நமசிவாயம் மாஸ்ரருடைய வீடாக அமைந்ததுதான் கோபிகாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மாஸ்ரர் கோயில் பரிபாலனசபைத் தலைவர். அவருடைய மருமகள் உதயகலாவுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்து ஒரு கிழமைதான் ஆகிறது. தாயில்லாத பெண், ஆகவே மாமன் வீட்டிலேயே இருக்கிறாள். புருசன் டிலக்ஷன் கொழும்பில். ரயில் நின்றுபோனதால் வந்துசேரவில்லை.

“ஓம்… ஓம்… விளங்குது. … இல்லை மாஸ்ரர், விளங்குதெண்டுதானே சொல்லுறன். துடக்கு. … ஓம், முப்பத்தொண்டு கழியவேணும். … ஓம், நானும் சைவக்காரிதான், எனக்குத் தெரியாதே?”

தெரியாமலா இருக்கும். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் அந்தத் தீட்டு முப்பத்தொரு நாளில் கழியும்வரை கோயில் எல்லைக்குள் கால் வைப்பதில்லை. பேரன் பிறந்த அன்றிலிருந்து மாஸ்ரரே கோயிலுக்கு வரவில்லை. மண்டபப் பூட்டின் திறப்பையும் அவர் கையால் கொடுக்காமல் வாசல் படலையில் கொளுவிவிட்டுத்தான் எடுத்துப் போகச் சொன்னார். மண்டபமோ கோயிலின் வெளிவீதியில், தேர் திரும்புகிற மூலையில் நிற்கிறது.

இந்த மண்டபம்தான் என்று முடிவெடுத்த கூட்டத்தில் கோபிகாவும் இருந்தாள். ஊரிலேயே மேடான நிலம், காற்றுக்குப் பறக்காத கொங்கிறீட் கூரை, வெள்ளம் ஏறாத கட்டுக்கிணறு, ஜெனரேற்றர், மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி. எல்லாம் பொருந்திவிட்டது. தேநீரும் வடையும் வந்த நேரத்தில் சுகாதாரப் பரிசோதகர் லயனல் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். பிள்ளை பெற்றவர்கள் கோயில் மண்டபத்துக்கு வருவார்களா என்று கேட்டார். சுற்றியிருந்த சைவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தர ஆபத்துக்கு யார் துடக்குப் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். தாங்கள் பழைய கொள்கையைத் தூக்கிப்பிடிக்கும் ஆட்கள் இல்லையென்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கோபிகாவும்தான் சிரித்தாள்.

இன்று விடிய மண்டபத்தைத் திறந்தபோது வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் எல்லோரும் பையும் போத்தலுமாக வந்து சேர்ந்தார்கள். பிள்ளை பெற்றவர்களில் ஒருத்திகூட வரவில்லை. இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கோப்பாய்ப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. போக இடமில்லாமல் வெள்ளத்துக்குள் நின்றது உதயகலாதான்.

“மாஸ்ரர், சொல்லுறதைக் கேளுங்கோ. பின்பக்கத்திலை ஒரு அறை கிடக்கு. அதுக்கு றோட்டுப் பக்கமாத் தனிக் கதவு. கோயில் வாசலைப் பாராமலே உள்ளுக்கை வரலாம். … ஓம். … ஓம், அதுவும் வெளிவீதிதான். … ஓம், அறை கோயில் மதிலுக்கு உள்ளுக்கைதான் கிடக்கு. மதிலை நான் என்ன தூக்கி வைக்கிறதோ?”

அடுத்த பக்கத்தில் மாஸ்ரரின் பேச்சு நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கோபிகா ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே மண்டபத்துக்குள் பார்த்தாள். உள்ளே அவளோடு வேலைக்கு நின்ற தாதி ஜொய்சி, தூணோரத்தில் ஒரு பெண்ணின் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி, கையால் ‘வா’ என்று அவசரமாகக் காட்டினாள். அந்தப் பெண் நிரோஜினி. மூன்றாவது பிள்ளை. நாள் இன்னும் இருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தார்கள், வயிற்றுக்குள் இருந்தவருக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. விடியவே பேற்று நோக் கண்டுவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அது மதகுவரை வந்தது. மதகின்மேல் தண்ணீர் மடை திறந்ததுபோல் ஓடியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“கொஞ்சம் பொறுங்கோ மாஸ்ரர்… வைக்காதையுங்கோ, வைச்சியளெண்டால் பேந்து லைன் கிடையாது. … ஜொய்சி, இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வையும். தண்ணி கொதிக்குதோ பாரும். நான் இந்தா வாறன்.”

காலையிலிருந்து மூன்றுதரம் தொலைபேசி செத்து உயிர்த்திருந்தது. தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போய்விட்டதாம், இருக்கிற பற்றறி முடியும்வரைதான் கதைக்கலாமாம். யாகோப்புக்கும் பொறுமை இல்லை. அவர் இதற்குப் பிறகு மேற்கு ஒழுங்கைக்குப் போய் ஒட்சிசன் சிலிண்டரோடு படுத்திருக்கும் ஒரு நோயாளியை ஏற்றவேண்டும். வெள்ளம் பெரிய சில்லின் அச்சை மூடினால் அந்த வண்டி மாஸ்ரர் வீட்டு ஒழுங்கைக்குள் இன்னொருமுறை வராது. இப்போது ஏறாவிட்டால் உதயகலா ஏறவே மாட்டாள். தையல் காயாத வயிற்றோடு அழுக்கு வெள்ளத்தில் நடப்பதற்கோ ஓட்டின்மேல் ஏறி இருப்பதற்கோ அவளால் முடியாது.

“சொல்லுங்கோ மாஸ்ரர். … வீட்டுக்கை தண்ணி எவ்வளவு? … குசினிக்கையோ? … அறைக்கையும் வந்திட்டுதோ? … கட்டிலை எதுக்கு மேலை வைச்சனீங்கள்? … கல்லு. அப்ப பின்னேரம் எதுக்கு மேலை வைப்பியள்?”

கோபிகாவுக்கு எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. இந்த மனுசன் எத்தனை பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவர் என்று நினைத்தாள். கடலேரி எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஏறும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டியவர். அவளுக்கும் அவர்தான் படிப்பித்தார். அந்த மரியாதையையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டாள்.

“மாஸ்ரர், நான் சொல்லுறனெண்டு கோவிக்காதையுங்கோ. உந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், முப்பத்தொண்டு கழிச்சு எந்த முகத்தோடை நீங்கள் பிள்ளையாரடிக்கு வருவியள்?”

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்ரரிடம் ஊரில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

“மாஸ்ரர்… நிக்கிறியளோ? … என்ன? … திருப்பிச் சொல்லுங்கோ, விளங்கேல்லை. … நீங்கள் ஓமெண்டுதான் சொன்னனீங்களோ? … விடியவே? … ஐயரையும் கேட்டனீங்களோ? … அவரும் ஓமெண்டவரோ? … அப்ப ஆர் மாட்டனெண்டுறது? … ஆர்? … உதயகலாவோ?”

படியில் அப்படியே குந்திவிட்டாள் கோபிகா. இவ்வளவு நேரமும் மனுசன் மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவளோ வாயில் வந்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டாள். வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

“மாஸ்ரர், நான் கதைச்சது பிழை. … இல்லை, பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. … போனை அவவிட்டைக் குடுங்கோ. … குடுங்கோ, நான் பேசமாட்டன்.”

தண்ணீருக்குள் கால் வைத்து நடக்கும் சளசளப்பு தொலைபேசியில் கேட்டது. அதன் பிறகு ஒரு மூச்சு.

“உதயகலா… ஓம், நான்தான். பிள்ளை பால் குடிக்குதோ? … வடிவா? … தையல் நோகுதோ? … காய்ச்சல் மாதிரி ஒண்டும் இல்லையே? … சரி. நல்லது. … ஏன் பிள்ளை வரமாட்டனெண்டுறாய்?”

கேட்டாளே தவிர, பதில் வருமுன்பே கோபிகாவுக்குத் தெரிந்துவிட்டது. உதயகலாவுக்கு இது முதற்பிள்ளை அல்ல. முதலில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. அது பிறந்தது திருவிழாக் காலம். ஒரு மாலை சுவாமி வெளிவீதி வந்தபோது, துடக்குக் கழியாத உடம்போடு பிள்ளையை ஏந்திக்கொண்டு இந்தத் தேர்மூலையில் வந்து நின்று கும்பிட்டுவிட்டாள். ஆசையில் செய்ததுதான். பிள்ளை இரண்டு மாதம் இருந்து செத்துப்போனது. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் வடிவாக விளங்கப்படுத்தினார். ஆனால் ஊர்வாய் டொக்டரை முந்திக்கொண்டது. வெளிவீதியில் கால் வைத்த குற்றம் என்று கிணற்றடியில் கதைத்தார்கள், செத்தவீட்டில் கதைத்தார்கள், உதயகலா காதில் விழும்படியே கதைத்தார்கள்.

“அது வெளிவீதியாலை வந்ததில்லை பிள்ளை. அந்தப் பிள்ளையின்ரை இருதயத்திலை… ஓம். … ஓம், அண்டைக்கும் சொன்னனான். … நீ நம்பேல்லை எண்டும் எனக்குத் தெரியும். … இல்லை, நான் உன்னைப் பேசேல்லை. … ஓம். … அழாதை. தையல் இழுக்கும்.”

நம்பச் சொல்லி ஒருவரை நம்பவைக்க முடியுமா? கோபிகா கிளினிக்கில் படம் வைத்து, இருதயத்தின் நான்கு அறைகளையும் விரல் தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். உதயகலா தலையாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அதே பழியைச் சுமந்தாள். அறிவு இல்லாத பெண்ணா என்றால் அதுவும் இல்லை, உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஆனால் செத்தது அவளுடைய பிள்ளை. இப்போது கையில் இருப்பதையும் அதே மூலைக்குக் கொண்டுவரச் சொல்லுகிறார்கள்.

வேறு எங்கே விடலாம் என்று கோபிகாவின் மனம் ஊரைச் சுற்றி ஓடியது. பள்ளிக்கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர். லயனலின் வீடு நல்ல வீடு, ஆனால் மதகுக்கு அந்தப் பக்கம். தன் வீடா? அது மாஸ்ரர் வீட்டைவிடப் பள்ளம். இந்த மண்டபம் கோயில் காணியே இல்லை, வேறு காணி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தாள். காணி எல்லையெல்லாம் மாஸ்ரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா?

“உதயகலா, நானே வந்து உன்னை ஏத்துவன். ஆனா இஞ்சை நிரோஜினிக்கு நோக் கண்டிட்டுது, விட்டிட்டு வரேலாது. … ஓம், மூண்டாவது. … யாகோப்பு அண்ணை இன்னும் நிக்கிறாரோ? … ஹோர்ன் அடிக்கிறாரோ? அடிக்கட்டும். …”

உள்ளேயிருந்து நிரோஜினியின் குரல் வந்தது. அது முனகல் அல்ல. எத்தனையோ பேற்றைப் பார்த்த கோபிகாவுக்கு அந்தக் குரலின் பொருள் தெரியும். ஜொய்சி இப்போது கை காட்டவில்லை, பெயர் சொல்லியே கூப்பிட்டாள்.

“பிள்ளை, நான் போகவேணும். வைக்காதை. கேட்டியோ, போனை வைக்காதை. பிடிச்சுக்கொண்டு நில். … நான் திரும்பி வருவன். … ஓம். … யாகோப்பு அண்ணைக்கும் சொல்லு, போகவேண்டாமெண்டு. நான் சொன்னனான் எண்டு சொல்லு.”

தொலைபேசியை அணைக்காமல் யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினாள். கை கழுவினாள், உறை போட்டாள். படங்கை இழுத்து மறைவு கட்டி, மற்றப் பெண்களை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள் ஜொய்சி, கெட்டிக்காரி. நிரோஜினி தூணை ஒரு கையாலும் ஜொய்சியின் தோளை மறு கையாலும் பிடித்திருந்தாள். கோபிகாவின் கைகள் தங்கள் வேலையைச் செய்தன. மனம் மட்டும் யன்னல் விளிம்புக்கும் பாய்க்கும் நடுவே அல்லாடியது. வைத்துவிடுவாளோ, வண்டி போய்விடுமோ, கோபுரம் செத்துவிடுமோ. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததைக் கண்டதும் அந்த மனமும் திரும்பி வந்துவிட்டது. விரலைக் கொடுத்து மெல்லக் கழற்றினாள். தோள் வந்தது, அதன் பிறகு எல்லாம் ஒரு வழுக்கலில் வந்தது. பிள்ளை கொஞ்சம் யோசித்தது. முதுகைத் துவாயால் தேய்த்தாள். இன்னும் தேய்த்தாள்.

பிறகு கத்தியது பாருங்கள், மழையே ஒரு கணம் அடங்கிய மாதிரி இருந்தது.

மிச்ச வேலைகளை ஒவ்வொன்றாக முடித்து, பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வைத்து மூடி, இரத்தப்போக்கு அளவோடுதான் இருக்கிறது என்று பார்த்து, ஜொய்சியைப் பக்கத்தில் இருத்திவிட்டு யன்னலுக்கு வந்தாள். உறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

“உதயகலா… நிக்கிறியோ? … ஆ, நிக்கிறாய். நல்ல காலம். … கேட்டதோ? … ஓம், நிரோஜினியின்ரை. … பெட்டைப் பிள்ளை. … ஓம், ரெண்டு பேரும் சுகம். … எங்கையோ? இஞ்சைதான். மண்டபத்துக்கை…”

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். தூணோரத்தில் பாயும் இரத்தமும் தண்ணீருமாகக் கிடந்தது. ஆறேழு பெண்கள் சுற்றி நின்று புதியவளை எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். இவ்வளவு நேரமும் அவள் துடக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் வாதாடிக்கொண்டிருந்தாள். உதயகலாவின் பக்கம் நின்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

“பிள்ளை, வடிவாக் கேள். இந்த மண்டபத்துக்கை இப்ப ஒரு பிள்ளை பிறந்திட்டுது. … ஓம். இனி மண்டபத்துக்கும் துடக்குத்தான். … ஓம். முன்வாசலும் துடக்கு, பின்வாசலும் துடக்கு, நானும் துடக்கு. வெள்ளம் வத்தி, ஐயர் வந்து சுத்திசெய்யுமட்டும் இது உங்கடை வீட்டு அறை மாதிரித்தான்.”

அடுத்த பக்கத்தில் மிகச் சிறிய குரலில் ஏதோ கேட்டது. கோபிகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இல்லை பிள்ளை. நீ கொண்டு வாறதெண்டு ஒண்டும் இல்லை. அது உனக்கு முந்தியே இஞ்சை வந்திட்டுது.”

“… நிரோஜினிக்கோ? பயமோ? … பயமெண்டு ஒண்டும் தெரியேல்லை. பசிக்குதாம், பாண் கேக்கிறா. …”

“… ஓம். … ஓம். … ஓம் பிள்ளை, அந்தப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு நாங்கள் எல்லாரும் இதுக்கைதான் படுக்கப் போறம். … பிள்ளையை நெஞ்சுத்தோலோடை சேத்துப் பிடி. மேலாலை துவாய், அதுக்கு மேலாலை மாஸ்ரரின்ரை மழைக்கோட்டு. … நீயா ஏறாதை, யாகோப்பு அண்ணை தூக்கி வைப்பார். … கூச்சப்படாதை, தையல் முக்கியம். … மாஸ்ரரிட்டைக் குடு.”

“மாஸ்ரர்… ஓம், கேட்டனீங்களோ? … ஓம், உங்கடை மண்டபத்துக்கைதான். … ஓம், சுத்திசெய்யத்தான் வேணும். … மாஸ்ரர்? … மாஸ்ரர், என்ன இது, அழாதையுங்கோ. அவ பாக்கப் போறா. … நீங்களும் ஏறுங்கோ. … வீடு கிடக்கட்டும். … ஓம், நீங்களும்தான். ஏறினாப்போலை எனக்கு…”

உழவு இயந்திரம் ஒருமுறை இருமி, மறுமுறை பற்றிக்கொண்டு உறுமியது காதுக்குள் கேட்டது. யாரோ ‘கவனம்’ என்கிற மாதிரி எதையோ சத்தமிட்டார்கள். சில்லு தண்ணீரைக் கிழிக்கத் தொடங்கிய இரைச்சலுக்கு நடுவே ஒரு குழந்தை அழுதது. அத்துடன் இணைப்பு அறுந்துபோனது.

“ஹலோ… மாஸ்ரர்… ஹலோ…”

திரையைப் பார்த்தாள். கோபுரம் செத்துவிட்டது. இந்தமுறை அவள் திரும்ப எடுக்க முயலவில்லை. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மழைக்குள் இறங்கி, வண்டி வரும் வழியைப் பார்த்தபடி தேர்மூலையில் போய் நின்றாள்.